மணல்மேட்டு ஏரியில் விளையும் புரதம்

ஆப்பிரிக்காவில் சாட் ஏரியின் வடகிழக்கே கானெம் என்ற வறண்ட பகுதி இருக்கிறது. பார்க்கும் இடமெல்லாம் மணல்மேடுகள். மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் சிறு சிறு ஏரிகள். மண்ணில் உள்ள சவுட்டுக் காரம் ஊறி, அந்தத் தண்ணீர் வாயில் வைக்க முடியாதபடி கரிக்கும். எந்தப் பயிருக்கும் பாய்ச்ச உதவாது. ஆனால், அந்தத் தண்ணீரில்தான் சுருள்பாசி எனப்படும் ஸ்பைருலினா தானாக விளைகிறது.

காற்றடிக்கும் பக்கமாகப் பாசி மிதந்து வந்து, பாலாடைபோலக் கரையில் ஒதுங்கும். கானெம்பு இனப் பெண்கள் கிண்ணங்களோடு இறங்கி அதை அள்ளுவார்கள். கரை மணலில் ஆழமில்லாத வட்டக் குழி பறித்து, பாசியை ஊற்றிக் கையால் தடவிவிடுவார்கள். தண்ணீரை மணல் குடித்துவிடும். மேலே தங்கியதைச் சதுரமாகக் கீறி எடுத்துக் காயவைத்தால், அதுதான் 'திஹே'. ஆண்கள் தண்ணீரில் இறங்கினால் ஏரி மலடாகிவிடும் என்பது அங்குள்ள நம்பிக்கை. அதனால் அறுவடை முழுக்கப் பெண்கள் கையில்தான். கோசோரோம் என்ற ஒரே ஏரியில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 40 டன் திஹே எடுக்கப்பட்டதாக 2000-ம் ஆண்டில் வெளியான ஆய்வு சொல்கிறது.

வீட்டில் திஹேயைக் கரைத்து, தக்காளி, மிளகாய், மீன் சேர்த்துக் குழம்பாக்கி, கம்பு, சோளக் களியோடு சாப்பிடுகிறார்கள். இந்தச் சேர்க்கையில் பொருள் இருக்கிறது. கம்பில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. சுருள்பாசி அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது. காய்ந்த பாசியின் எடையில் பாதிக்கு மேல் புரதம்தான்.

வெளிச்சத்தின் நிறம்

வெயில் வெள்ளையாகத் தெரிந்தாலும், வானவில்லின் எல்லா நிறங்களும் அதில் உண்டு. பயிரின் பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் அதிகம் எடுத்துக்கொள்கிறது. சுருள்பாசியிடம் பச்சையத்தோடு ஃபைக்கோசயனின் என்ற நீல நிறமியும் இருக்கிறது. பச்சையம் அவ்வளவாகப் பிடிக்காத ஆரஞ்சு நிற வெளிச்சத்தையும் இது பிடித்துத் தருகிறது. இந்த நிறமியே ஒரு புரதம் என்பதுதான் விசேஷம். வெளிச்சம் பிடிக்கும் கருவியே உணவாகவும் ஆகிறது.

ஆய்வகத்தில் ஒவ்வொரு நிற விளக்கின் கீழும் வளர்த்துப் பார்த்ததில், சிவப்பு வெளிச்சத்தில் சுருள்பாசி வேகமாக வளர்ந்தது. நீலத்தில் மந்தமாக வளர்ந்தது. சில சோதனைகளில் நீல வெளிச்சம் ஒரு கிராம் பாசியில் உள்ள புரதத்தின் பங்கைச் சற்றுக் கூட்டியது. ஆனால், பாசியே குறைவாக விளைந்தால் தொட்டிக்குக் கிடைக்கும் மொத்தப் புரதம் கூடாது.

தொட்டி வைத்திருப்பவர்களுக்கு

தமிழ்நாட்டிலும் சோடா உப்புக் கரைத்த தொட்டிகளில் சுருள்பாசி வளர்க்கிறார்கள். சிவப்பு விளக்கு வாங்கலாமா, தொட்டிக்கு மேல் சிவப்பு பிளாஸ்டிக் தாள் கட்டலாமா என்ற கேள்வி அவர்களுக்கு எழுவது இயல்பு. சிவப்புத் தாள் வெயிலில் புதிதாகச் சிவப்பைச் சேர்க்காது. மற்ற நிறங்களைத் தடுக்க மட்டுமே செய்யும். வெயில் தாராளமாக உள்ள ஊரில் விளக்குக்குக் கட்டும் மின்கட்டணமும் வீண்.

அந்தப் பணத்தைவிடக் கைவேலைக்குப் பலன் அதிகம். பாசி அடர்ந்ததும் மேலடுக்கே வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளும், கீழே இருள்தான். அதனால் தண்ணீரை ஒரு சாண் ஆழத்தில் வைத்து, பகலில் பலமுறை கலக்கிவிட வேண்டும். புதிதாகப் பாசி விட்ட தொட்டியில் உச்சிவெயில் நேராக விழுந்தால் பாசி வெளுத்துவிடும், நிழல்வலை தேவை. தழைச்சத்து குறைந்தால், எந்த நிற வெளிச்சம் கொடுத்தாலும் புரதம் சேராது. பாசி தன் நீல நிறமியையே கரைத்துத் தின்று மஞ்சளாகிவிடும். அறுவடைக்குப் பின் கடும் வெயிலும் சூடும் அந்த நிறமியைக் கெடுக்கும். எனவே, மெல்லப் பரப்பி, காற்றோட்டமான நிழலில் சீக்கிரம் உலர்த்துவது நல்லது.

ஒரு எச்சரிக்கை: ஊர்க் குளத்தில் மிதக்கும் பச்சைப் பாசியெல்லாம் சுருள்பாசி அல்ல. அவற்றில் நஞ்சு சுரக்கும் வகைகளும் உண்டு. நம்பகமான இடத்தில் தாய்ப்பாசி வாங்கித்தான் தொடங்க வேண்டும். கானெம் பெண்களுக்குத் தங்கள் ஏரி எது, அதன் பாசி எது என்பது தலைமுறை தலைமுறையாகத் தெரியும். புதிதாகத் தொட்டி கட்டுபவர் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.