ஓடும் கால்களுக்கு வலிமையும் வேண்டும்



குதிரைவீரர்களைக் கால்நடையாகவே துரத்திச் சென்ற நபித்தோழர் ஒருவரை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். அவர் ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி). நபி (ஸல்) அவர்களின் பால் ஒட்டகங்களை ஒரு கூட்டத்தார் ஓட்டிச் சென்றபோது, தனியொருவராக ஓடியே பின்தொடர்ந்து, அம்பெய்து, அவற்றை மீட்டார். அன்று காலாட்படையினரில் சிறந்தவர் ஸலமாவே என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள். மதீனா திரும்பும் வழியில், ஓட்டத்தில் எவராலும் வெல்லப்படாத அன்சாரித் தோழர் ஒருவருடன் அவர் பந்தயமும் ஓடினார். தொடக்கத்திலேயே முழு வேகத்தையும் காட்டிவிடாமல், ஓரிரு மேடுகள் வரை மூச்சைக் காத்து ஓடி, பிறகு விரைந்து முந்தினார். ஸஹீஹ் முஸ்லிமில் இவ்வரலாறு விரிவாக இடம்பெற்றுள்ளது.

மதரஸாவில் இப்பாடத்தை நடத்தும்போதெல்லாம் மாணவர்களின் கண்கள் விரிவதைக் காண்கிறோம். நீண்ட தூரம் ஓடுவதற்கு மூச்சு மட்டும் போதாது. கடைசிவரை தாங்கும் கால்களும் வேண்டும். இன்றைய பயிற்சியாளர்கள் நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு வலியுறுத்தும் தசைவலிமைப் பயிற்சியின் சாரமும் இதுவே.

"ஹஜ்ரத், உங்களுக்கு எதற்கு இது?"

ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் நாங்கள் ஆறு பேர் ஓடுகிறோம். மளிகைக் கடை வைத்திருப்பவர், கல்லூரி மாணவர், வெளிநாட்டிலிருந்து ஓய்வுபெற்றுத் திரும்பியவர் எனப் பலதரப்பட்டவர்கள். ஓட்டத்தை எவரும் குறை சொன்னதில்லை. வாரம் இருமுறை மொட்டைமாடியில் எடை தூக்கவும் தொடங்கியபோதுதான் ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் அன்போடு கேட்டார்: "ஹஜ்ரத், ஓதிக்கொடுக்கிற உங்களுக்கு எதற்கு இந்தப் பயில்வான் வேலை?"

கேள்வி நியாயமானதே. அதற்கான விடை எங்களில் ஒருவரின் முழங்காலில் இருந்தது. மாதக்கணக்கில் ஓடியும் அவருக்கு வலி கூடிக்கொண்டே போயிற்று. ஓட முடியாததைவிட, அத்தஹிய்யாத்தில் உட்கார முடியாததே அவரை வருத்தியது. நாற்பத்தைந்து வயதில் ஸஃப்பின் ஓரத்தில் நாற்காலியைத் தேடும் நிலை. பரிசோதித்த இயன்முறை மருத்துவர், மூட்டைவிட இடுப்பைச் சுற்றியுள்ள தசைகளும் தொடைத் தசைகளுமே பலவீனமாக இருப்பதாகக் கூறி, மூன்று மாதப் பயிற்சி தந்தார். அல்ஹம்துலில்லாஹ், இன்று அவர் வலியின்றித் தரையில் அமர்ந்து தொழுகிறார். மெல்ல ஓடவும் தொடங்கிவிட்டார்.

இயலாதவர் அமர்ந்து தொழுவது மார்க்கம் தந்த சலுகை. அதில் எவருக்கும் குறைவில்லை. ஆயினும் காத்துக்கொள்ளக்கூடிய வலிமையைக் காத்துக்கொள்வது, உடல் என்னும் அமானிதத்திற்கு நாம் செய்யும் கடமையன்றோ?

தசை என்ன செய்கிறது?

ஓடுகையில் பாதம் தரையில் பதியும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போல் 2 முதல் 3 மடங்கு விசை காலில் இறங்குகிறது. பத்துக் கிலோமீட்டருக்குள் இது ஏறத்தாழ 10,000 முறை நிகழ்கிறது. இந்தச் சுமையைத் தொடை, பின்புறம், கெண்டைக்கால் ஆகியவற்றின் தசைகள் ஏற்றுக்கொள்ள வேண்டும். அவை சோர்ந்தால் இடுப்பு சாய்கிறது, முழங்கால் உட்புறம் மடங்குகிறது, பாரம் மூட்டின் மீதும் குதிகால் தசைநார் மீதும் விழுகிறது. முப்பது வயதைக் கடந்த பின் தசை சிறிது சிறிதாகக் குறைவதும் இயற்கை. ஓட்டம் மட்டுமே அதைத் தடுத்துவிடாது.

வலிமைப் பயிற்சி வேகத்திற்கும் உதவுகிறது. 1999இல் வெளியான பின்லாந்து ஆய்வொன்றில், ஓட்டக்காரர்களில் ஒரு குழுவினர் பயிற்சி நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் துள்ளல், குறுந்தூர விரைவோட்டம், வேகமான எடைப் பயிற்சி ஆகியவற்றுக்கு ஒதுக்கினர். ஒன்பது வாரங்களில் அவர்களின் 5 கிலோமீட்டர் ஓட்ட நேரம் குறைந்தது. வியப்பு என்னவெனில், உடல் பயன்படுத்தும் உச்ச ஆக்சிஜன் அளவு கூடவில்லை. அதே வேகத்தில் ஓடக் குறைந்த ஆற்றலே போதுமானதாயிற்று.

எடை தூக்கினால் உடல் பருத்து ஓட்டம் மந்தமாகிவிடும் என்பது பலரின் அச்சம். குறைந்த எண்ணிக்கையில், சற்றுக் கனமாகத் தூக்கும் பயிற்சியில் தசை பருப்பதற்கு முன்பே நரம்புகள் தசையை நன்கு இயக்கக் கற்றுக்கொள்கின்றன. நெடுந்தூரம் ஓடுபவர் எளிதில் பயில்வானாகிவிடுவதில்லை.

சோமாலியாவில் பிறந்து பிரிட்டனுக்காக ஓடிய முஹம்மது ஃபாராவை நம் இளைஞர்கள் அறிவர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் இறுதிச் சுற்றுக்கே அவர் தகுதி பெறவில்லை. 2011இல் அமெரிக்காவின் போர்ட்லாந்துக்குச் சென்றபின் வலிமைப் பயிற்சி அவருடைய பயிற்சியில் முக்கிய இடம் பெற்றது. 2012 லண்டனில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். இரண்டிலும் கடைசி 400 மீட்டரை ஏறத்தாழ 53 விநாடிகளில் ஓடினார். 2016 ரியோவில் 10,000 மீட்டர் ஓட்டத்தின் நடுவே தடுக்கி விழுந்தும் எழுந்து வென்றார். வெற்றிக்குப் பின் அவர் ஸஜ்தாவில் விழுந்த காட்சியை உலகமே கண்டது.

வீட்டிலேயே செய்யலாம்

இதற்கு ஜிம் கட்டாயமில்லை. வாரம் இரண்டு நாட்கள், அரைமணி நேரம் போதும். குந்தி எழுதல், ஒரு காலை முன்வைத்து மற்ற முழங்காலைத் தாழ்த்தி எழுதல், படியின் விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குதல், படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துதல், தண்டால், பிளாங்க். ஒவ்வொன்றையும் 8 முதல் 12 முறை, இரண்டு அல்லது மூன்று சுற்று. எளிதாகிவிட்டால் புத்தகப்பையில் ஐந்து கிலோ அரிசியை வைத்து முதுகில் மாட்டிக்கொள்ளலாம்; பிறகு பத்துக் கிலோ. கடினமான ஓட்டம் உள்ள நாளுக்கு முந்தைய மாலையில் இதைத் தவிர்ப்பது நல்லது. மூட்டுவலி, இதயநோய், இரத்த அழுத்தம் உள்ளோர் மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும்.

ரமளானில் இதை முற்றிலும் விட்டுவிட வேண்டியதில்லை. தராவீஹுக்குப் பின் சுருக்கமாக ஒரு சுற்றுச் செய்தாலும் ஈட்டிய வலிமை பெருமளவு நிலைக்கும். அம்மாதம் முன்னேறுவதற்கன்று, காத்துக்கொள்வதற்கே என்று எண்ணிக்கொண்டால் போதும்.

பெண்களை இதில் மறந்துவிட வேண்டாம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நபி (ஸல்) அவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடியதை அபூதாவூதில் படிக்கிறோம். நம் வீட்டுத் தாய்மார்களோ ஐம்பதைத் தொடும்போதே முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்கள். தசைக்கு மட்டுமன்றி எலும்பின் உறுதிக்கும் எடைப் பயிற்சி துணைபுரிகிறது. வீட்டின் மறைவிலேயே செய்யக்கூடிய இப்பயிற்சிகளை மகளும் தாயும் சேர்ந்தே தொடங்கலாம்.

ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையிலான ஏழு நடைகள் மட்டுமே சுமார் மூன்று கிலோமீட்டர். பணம் சேர்ந்து ஹஜ்ஜுக்குச் செல்லும் வயதில் கால்கள் ஒத்துழைக்காமல் கண்கலங்கியவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! பணத்தைச் சேமிப்பது போலவே கால்வலிமையையும் இளமையிலிருந்தே சேமிக்கவேண்டும். பலமான நம்பிக்கையாளர் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானவர், எனினும் பலவீனரிடமும் நன்மை உண்டு என்பது நபிமொழியின் கருத்து. குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அவனுக்கு உவப்பானது என்பதையும் நாம் அறிவோம். இவ்வாரம் ஒரு நாள், பத்து நிமிடம் என்று தொடங்குங்கள்.

நம் கால்களை நன்மையின் பாதையில் உறுதிப்படுத்தி, ஆயுள் உள்ளவரை அவனுக்கு ஸஜ்தா செய்யும் வலிமையை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.