நட்சத்திரமற்ற நெபுலா

1752இல் நன்னம்பிக்கை முனையில் லக்காய் என்ற பிரெஞ்சுக்காரர், அரை அங்குலத் தொலைநோக்கியில் ஒரு மங்கிய திட்டைக் கண்டார். நட்சத்திரமற்ற நெபுலா என்று பட்டியலில் பதிந்தார். அது எம் 83: சுமார் 1.5 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள சுருள் காலக்ஸி, கோடானுகோடி நட்சத்திரங்கள். 1923க்கும் 1983க்கும் இடையில் மட்டும் ஆறு சூப்பர்நோவாக்கள் அதில் தென்பட்டன.

லக்காய் பொய் எழுதவில்லை; கண்டதைப் பதிந்தார். வங்கியில் தினமும் பதிவு செய்கிற எனக்கு அந்த நேர்மை தெரியும்.

நண்பனின் முதல் தொகுப்பை 'வெறும் புகைமூட்டம்' என்று நான் எழுதியதும் அதே நேர்மையில்தான். பிறகு அவன் எழுதவில்லை. நேற்றிரவு அதை மறுபடி படித்தேன். வரிகள் ஒவ்வொன்றாகத் துலங்கின. புத்தகம் அதேதான்.

கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'உன் கவிதைகள்' என்று தொடங்கியதை அடித்துவிட்டு, 'என் கண்' என்று எழுதினேன்.