குதிரை மாற்றிய கதை

வீணையிலே தந்திகளைத் தாங்கி நிற்கும் உறுப்புக்குக் குதிரை என்று பெயர். உலோகத் தகடு பதித்த அம்மரத்துண்டின் வழியாகவே தந்தியின் அதிர்வு குடத்தைச் சென்றடைகின்றது. கிற்றாரிலும் அதே தொழிலைப் புரியும் உறுப்பு ஒன்று உண்டு. ஆங்கிலேயர் அதனைப் பாலம் என்னும் பொருள்பட 'பிறிட்ஜ்' என்பர். அதன்மேல் தந்திகள் அமரும் சிறு துண்டுகளுக்கோ சேணம் என்று பெயரிட்டுள்ளனர். பாலத்துக்குச் சேணம் எதற்கு? குதிரைக்கன்றோ அது பொருந்தும். ஆதலால் தமிழ்ப் பெயரே தகும் என விடுதி அறையில் நாம் நால்வரும் ஏகமனதாகத் தீர்மானித்தோம். அதன்பின் வேறெந்த விடயத்திலும் எம்மிடையே ஒருமனம் ஏற்படவில்லை.

எனது பேஸ் கிற்றார் பெரியப்பாவினுடையது. எழுபதுகளில் யப்பானில் செய்யப்பட்டது. பருத்தித்துறையிலே திருமண வீடுகளிலும் கோயில் திருவிழா இரவுகளிலும் மெல்லிசைக் குழுவொன்றில் அவர் அதனை வாசித்து வந்தார். 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளில் அது பெட்டியினுள் உறங்கியது. கடற்காற்று மட்டும் உறங்கவில்லை. மின்சாரம் மீண்டதும் அவர், கிடைத்த தடித்த தந்திகளைப் பூட்டிக்கொண்டு மறுபடியும் வாசிக்கத் தொடங்கினார். என் விரல்பிடித்துக் கற்பித்தவரும் அவரே. 2019இல் அவர் காலமானபின் கிற்றார் என்னை வந்தடைந்தது.

அவரது வாசிப்பில் ஒரு நியதி இருந்தது. ஐந்தாம் மெட்டுக்கு மேலே அவர் விரல் செல்வதில்லை. "பேஸ் எண்டால் அத்திவாரம். அத்திவாரம் கூரையிலை ஏறக்கூடாது" என்பார். வீணைக் கலைஞர் தம் குருவின் பாணியைப் போற்றுவதுபோல் நானும் அந்நியதியைப் போற்றி வந்தேன்.

சென்ற ஆண்டு கலைவிழாவுக்கென நாம் தேர்ந்த பாடலின் இறுதிப் பகுதி பன்னிரண்டாம் மெட்டுவரை ஏறவேண்டியிருந்தது. ஏறினேன், சுருதி பிசகியது. தந்தியை அழுத்தும்போது அது சற்றே இழுபட்டு ஒலி உயர்கின்றது. அவ்வுயர்வை ஈடுசெய்யவே சேணத்தைப் பின்தள்ளித் தந்தியை நீட்டுவர். தந்தி தடித்ததாயின் இன்னும் பின்தள்ளவேண்டும். பன்னிரண்டாம் மெட்டின் நேர்மேலே மெல்லத் தொட்டு மீட்டும் ஒலியும், அங்கேயே அழுத்தி மீட்டும் ஒலியும் ஒத்திருப்பின் சேணம் சரியான இடத்தில் உள்ளது என அறியலாம். எனது கிற்றாரில் அவை ஒத்திருக்கவில்லை. திருப்ப முயன்றபோது நான்கு ஆணிகளும் துருவேறி இறுகியிருந்தன. குதிரையை மாற்றுவதன்றி வேறு வழியில்லை.

எக்குதிரையை வாங்குவது? பொறியியற்பீட நண்பன் கனத்த வார்ப்பு உலோகக் குதிரையின் பக்கம் நின்றான். எழுபதுகளில் அமெரிக்காவில் அத்தகைய ஒன்று பெரும் புகழ் பெற்றது. கனடாவின் 'ரஷ்' குழுவினரான கெடி லீ அதனைத் தம் கிற்றாரிற் பூட்டியிருந்தார். 'பேடாஸ்' என்னும் அதன் பெயருக்குப் பொருள் எழுத இம்மலரின் ஆசிரியர் இடந்தரார். "பாரம் கூடின குதிரை எண்டால்தான் மச்சான் சத்தம் நிண்டு கேக்கும்" என்றான் அவன். "பாரம் கூடினால் புல்லும் கூடத் தின்னும். ஆர் போடுறது?" என்றான் இந்து நாகரிகம் பயிலும் நண்பன்.

விஞ்ஞானபீட நண்பன் இடைநிலை வகித்தான். கனத்த குதிரை தந்தியின் சக்தியைக் குறைவாக உறிஞ்சும் என்பது கொள்கையளவில் உண்மையே. ஆயினும் 34 அங்குலத் தந்தியைத் தாங்கும் நீண்ட கழுத்து அதிர்ந்து சக்தியை விழுங்கும்போது குதிரை என்ன செய்யும் என்று வினவினான். லியோ பெண்டர் 1951இல் வெளியிட்ட பேஸ் கிற்றாரில் வளைத்த தகடும் இரண்டே சேணங்களுமே இருந்தன. தந்திகள் நான்கும் ஒரு சைக்கிளில் இருவராகச் சவாரி செய்தன; 1957இலேயே தந்திக்கொரு சேணம் வாய்த்தது. டெட்ரொயிட் நகரின் ஜேம்ஸ் ஜேமர்சனோ குதிரையின் மூடிக்குள் ஸ்பொஞ்சுத் துண்டொன்றைச் செருகி ஒலியை அடக்கியே வாசித்தார். ஒலி நீடிக்க நாம் பட்ட பாட்டைக் கண்டால் அவர் சிரித்திருப்பார்.

அம்மாவிடம் தொலைபேசியிற் காசு கேட்டேன். "படிக்கப் போன இடத்திலை என்னத்துக்கு மோனை பிறிட்ஜ்? சாப்பாடு பழுதாப் போகுதோ?" என்றார். குளிர்ப்பெட்டியும் பாலமும் எம்மவர் நாவில் ஒன்றே என்பதை அன்றுதான் உணர்ந்தேன். ஈற்றில் நால்வரும் காசு சேர்த்தோம். கனத்த பித்தளைக் குதிரை என்ற உறுதிமொழியுடன் கொழும்பிலிருந்து ஒரு பொதி வந்தது. பிரித்தால், மெல்லிய தகடு. மேலே பளபளப்பான பூச்சு. "வாதவூரர் வாங்கின குதிரையும் இப்பிடித்தான். இரவைக்கு ஊளையிடும், பயப்பிடாதேங்கோ" என்றான் இந்து நாகரிக நண்பன். பரி நரியான கதையை அத்துணைப் பொருத்தமாக எவரும் எடுத்தாண்டிருக்கமாட்டார்கள்.

எனினும் அந்நரியின் ஆணிகள் சுழன்றன. ஒரு மாலைப்பொழுதில் நான்கு சேணங்களையும் சரியிடத்தில் நிறுத்தினோம். பழைய குதிரையின் ஒலியை முன்னரே கைத்தொலைபேசியிற் பதிந்திருந்தோம். இரண்டையும் கலந்து பத்துத்தடவை ஒலிக்கவிட்டு, கண்களை மூடிக் கேட்டோம். கீழ்ச்சுரங்களில் எது பழையது, எது புதியது என்பதைப் பொறியியலாளன் ஐந்துதடவை சரியாகச் சொன்னான். நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவு கிடைத்திருக்கும். ஆனால் பன்னிரண்டாம் மெட்டின் சுரத்தை நால்வரும் ஒருதடவையேனும் தவறவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பெரியப்பா மேலே ஏறாதது பாணியா, அன்றித் துருவா? விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது பெரியம்மாவின் அலுமாரியிலிருந்த பழைய கசற் ஒன்றைத் தேடியெடுத்தேன். உறையில் 1986 என்று பெரியப்பாவின் கையெழுத்து. அயல்வீட்டுப் பெட்டியில் அதனை ஓடவிட்டோம். இரண்டாம் பாட்டிலேயே அவரது பேஸ் ஐந்தாம் மெட்டைக் கடந்தது. பன்னிரண்டுக்கும் அப்பால் ஏறி, விளையாடி, இறங்கியது. பெரியம்மா வியப்புறவில்லை. "அப்ப அவர் அப்பிடித்தான். பிறகுதான் அமந்து போனார்" என்றார்.

ஏற முடியாத ஒருவர், ஏறலாகாது என்று தமக்கே ஒரு விதி வகுத்து, அதன்படி இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுருதி பிசகாது வாசித்திருக்கிறார். இல்லாமையைச் சொல்லி அவர் ஒருநாளும் முறையிட்டதில்லை. நானோ ஆணியின் துருவைப் பாணியெனக் கொண்டாடினேன். ஆயினும் அத்திவாரம் பற்றிய அவரது வாக்குப் பிழையன்று. அது பிறந்த இடந்தான் நான் எண்ணிய இடமன்று.

பழைய குதிரையைத் துணியிற் சுற்றி வைத்திருக்கிறேன். கலைவிழா இரவில் பாடலின் இறுதிப் பகுதியிற் பன்னிரண்டாம் மெட்டுக்கு ஏறினேன். அதுவரை முழுவதும் ஐந்தாம் மெட்டுக்குக் கீழேயே நின்றேன். இரண்டும் பெரியப்பாவின் வாசிப்பே.