கொட்டச்சேடு வழியாக ஏற்காடு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் அடிவாரத்துக்குச் சென்று, இருபது கொண்டையூசி வளைவுகளையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு மலை ஏறுவதே வழக்கம். மோட்டாரில் செல்வோருக்கு அது சுகமான பிரயாணம். ஏரிக்கரையில் இறங்கி, வேர்க்கடலை கொறித்து, படகுகளைப் பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். ஆனால் மலையை நிதானமாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. அது மலையின் கிழக்குப் பக்கத்தில், குப்பனூரில் தொடங்கி, கொட்டச்சேடு வழியாக மேலே செல்கிறது. அந்த வழியில் சைக்கிளை மிதித்துச் செல்லுவதற்கு ஈடான பிரயாணம் சேலம் ஜில்லாவில் அதிகம் இல்லை.

விடியற்காலையில் சேலத்தை விட்டுப் புறப்பட்டால், வெயில் ஏறுமுன் அயோத்தியாப்பட்டணத்தைக் கடந்துவிடலாம். இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் இராமபிரான் தங்கிய இடம் என்று சொல்லப்படும் ஊர் இது. கோதண்டராமர் கோயில் பார்க்க வேண்டியது. அங்கிருந்து சாலை, மஞ்சவாடிக் கணவாயை நோக்கி வடகிழக்கே செல்லுகிறது. இருபுறமும் மரவள்ளித் தோட்டங்களும், மாந்தோப்புகளும், தென்னையும் மாறி மாறி வருகின்றன. இடது பக்கத்தில் சேர்வராயன் மலை நீலச் சுவரைப்போல் கூடவே வருகிறது. குப்பனூரில் பெருஞ்சாலையை விட்டுப் பிரிந்தால், லாரிகளின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, மைனாவின் குரல் கேட்கத் தொடங்குகிறது.

ஏற்றம் சாமானியமானது அல்ல. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 அடி. ஏற்காடு 4,900 அடிக்கு மேல். ஆக, 4,000 அடியை நம் கால்களே தூக்கிச் செல்ல வேண்டும். அதற்கேற்ற கூலியை மலையும் கொடுக்கத்தான் செய்கிறது. முதலில் வறண்ட முட்காடு, பிறகு மூங்கில், அப்புறம் கொட்டச்சேட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த தேக்கமரக் காடு. அதற்கும் மேலே சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகள். மரங்களைப் பற்றி ஏறும் மிளகுக் கொடிகள். சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் 1820-களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டு வந்தார். கோடையின் முதல் மழைக்குப் பிறகு அச்செடிகள் பூக்கும்போது, மல்லிகையோ என்று மயங்கும்படி மணம் வீசுகிறது.

இந்த மலை, காப்பி வருவதற்கு வெகு காலம் முன்பே குடிவாழ்க்கை கண்டது. இங்குள்ள மலையாளிகள் கேரளத்தார் அல்லர். மலையை ஆளுகிறவர்கள் என்ற பொருளில் அப்பெயர் பெற்ற தமிழ்ப் பழங்குடிகள். தங்கள் மூதாதையர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லுவார்கள். மூன்று சகோதரர்களில் பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினார்களாம். உச்சியில் 5,326 அடி உயரத்தில் உள்ள சேர்வராயன் குகைக் கோயிலில் மே மாதம் திருவிழா நடக்கும்போது, சுற்றுப்புறத்து ஊர்களெல்லாம் அங்கே கூடிவிடும்.

குப்பனூரிலிருந்து வரும் பிரதான வழி தார் போட்டது. ஆனால் வண்டிகள் குறைவு. அதிலிருந்து தோட்டங்களுக்கும் சிற்றூர்களுக்கும் பிரியும் கிளைவழிகளில்தான் செம்மண்ணும் சரளையும் கலந்த பாதைகளைப் பார்க்கலாம். இப்படிப்பட்ட பாதைகளுக்கென்றே இப்போது ‘கிராவல் பைக்’ என்று ஒரு வகைச் சைக்கிள் செய்கிறார்கள். ஆட்டுக்கொம்பைப்போல் கீழே வளைந்த கைப்பிடி, 40 மில்லிமீட்டர் அளவில் அகன்ற டயர், மழையிலும் பிடிக்கும் தட்டு பிரேக், செங்குத்தான ஏற்றத்துக்குச் சிறிய கியர்கள்—இவையே அதன் விசேஷம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் ஊர்ப் பால்காரர் தலைமுறை தலைமுறையாக ஓட்டிய கறுப்புச் சைக்கிளின் டயர் 28 அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம். அந்த ஒன்றரை அங்குலமும் ஏறக்குறைய இதே 40 மில்லிமீட்டர்தான்! ஆகவே சரளைக்கு ஏற்ற டயர் நமக்குப் புதிதன்று. கியரும் நல்ல பிரேக்கும் இல்லாததால்தான், பால்காரர் மேட்டில் இறங்கித் தள்ளினார். மழையில் பள்ளத்தைக் கண்டால் முருகனை நினைத்துக்கொண்டார்.

இன்னொரு வேடிக்கை உலக சரித்திரத்தில் இருக்கிறது. மோட்டார் வண்டி பெருகுவதற்கு முன்னரே நல்ல சாலை வேண்டும் என்று முதலில் கூக்குரலிட்டவர்கள் சைக்கிள்காரர்கள். 1880-ல் ஏற்பட்ட அமெரிக்க சைக்கிள் சங்கத்தார், 1892-ல் ‘நல்ல சாலைகள்’ என்ற பெயரில் ஒரு பத்திரிகையே தொடங்கி, சேற்றுப் பாதைகளைச் செப்பனிடச் சொல்லிச் சர்க்காரை நெருக்கினார்கள். சாலைகள் வந்தன, அவற்றில் மோட்டார்களும் வந்தன, சைக்கிள் ஓரத்துக்கு ஒதுங்கியது. இன்று அவர்களுடைய பேரன் பேத்திகள் மோட்டார் இல்லாத சரளைப் பாதையைத் தேடி அலைகிறார்கள். அதே அமெரிக்காவில், கான்ஸஸ் மாகாணத்தில், 2006 முதல் 200 மைல் சரளைப் பந்தயம் நடக்கிறது. 2022-ல் இத்தாலியின் வெனெட்டோ பிரதேசத்தில் இதற்கு உலகச் சாம்பியன் போட்டியே நடந்தது.

இதெல்லாம் கேட்பதற்கு இனிமைதான். ஆனால் நமது மலையில் இந்த இனிமைக்கு விலை கொடுக்கிறவர் யார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சைக்கிள்காரருக்கு ‘வண்டி தொந்தரவு இல்லாத வழி’ எதுவோ, அதுவே குடியானவனுக்கு ‘பஸ் வராத வழி’. நமக்கு அமைதியாகத் தோன்றும் அந்தப் பாதையில்தான் பிரசவ வேதனைப்படும் பெண்ணைத் தூக்கிச் செல்ல நேருகிறது. இது வெறும் பேச்சு அன்று. மலையாளிகள் வாழும் மற்றொரு மலையான ஜவ்வாது மலைத்தொடரில், வேலூர் மாவட்டத்து அல்லேரியில், 2023 மே மாதம் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றைப் பாம்பு தீண்டியது. சரியான பாதை இல்லாமையால் தாமதமாகி, ஆஸ்பத்திரி சேருமுன்பே குழந்தை இறந்தது. உடலைத் திரும்பக் கொண்டுவந்த வண்டியும் மலையேற முடியாமல் பாதியில் நின்றுவிட்டது. பெற்றவர்கள் அந்தச் சிறிய உடலைக் கையில் ஏந்திப் பல கிலோமீட்டர் நடந்தார்கள். அந்த நடையை நினைத்த பிறகு, ‘மலைப் பாதைகளுக்குத் தாரே வேண்டாம்’ என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

பின் ஏன் சாலை தாமதமாகிறது? 2000-ல் தொடங்கிய பிரதம மந்திரியின் கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேரும், மலை மாநிலங்களிலும் பழங்குடிப் பகுதிகளிலும் 250 பேரும் உள்ள ஊர்களைக் கணக்கில் எடுத்தது. பத்தும் பதினைந்துமாகக் குடிசைகள் சிதறிக் கிடக்கும் மலையில் இந்தத் தலைக்கணக்கு எளிதில் நிரம்புவதில்லை. இரண்டாவது, பாதை காட்டு நிலத்தின் வழியே போகிறது. அதற்கு அனுமதி வேண்டும். ஆயினும் 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் இதற்கு ஒரு வாசலைத் திறந்திருக்கிறது. கிராம சபை சிபாரிசு செய்தால், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், ஒரு வேலைக்கு ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட நிலத்தைச் சாலை முதலிய பொதுக் காரியங்களுக்குக் கொடுக்கலாம். பன்னிரண்டு அடி அகலமுள்ள சாலையானால், இரண்டரைக் கிலோமீட்டர் போட இந்த நிலம் தாராளமாகப் போதும். மலைச் சிற்றூர்கள் பலவற்றுக்கும் குறைவது அந்த இரண்டரைக் கிலோமீட்டர்தான்.

அப்படியானால் சரளைப் பாதைகள் முழுதும் மறைந்துவிட வேண்டியதுதானா? வேண்டியதில்லை. இத்தாலியில் டஸ்கனிப் பிரதேசத்தின் ‘வெள்ளைச் சாலைகள்’ தாரில் மூழ்கிவிடாமல் காக்க எண்ணி, 1997-ல் ‘லெரோயிகா’ என்னும் சைக்கிள் பவனியைத் தொடங்கினார்கள். அவ்வழிகளில் இன்றும் தூசி பறக்க உலகத்தார் சைக்கிள் ஓட்டுகிறார்கள். நாம் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். ஒரு விதியை வகுத்துக்கொண்டால் போதும்: வீடு வரை தார், தோட்டம் வரை சரளை. மனிதர் குடியிருக்கும் இடத்துக்கு மழையிலும் வண்டி போக வேண்டும். காப்பி மூட்டையும் விறகும் மட்டும் வரும் வழிகள் மண்ணாகவே இருக்கட்டும். அவை சைக்கிளுக்கும் காட்டெருமைக்கும் போதும்.

போக விரும்புகிற நேயர்களுக்குச் சில வார்த்தைகள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை காலம் உத்தமமானது. அது காப்பிப் பழம் பறிக்கும் பருவமுங்கூட. கோடை விழா நாட்களில் மலையிலிருந்து இறங்கும் வண்டிகளைக் குப்பனூர் வழியே திருப்பிவிடுவது உண்டு, அந்நாட்களைத் தவிர்க்கவும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மலை சரியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் அடிவாரப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை மறக்கலாகாது. தோட்டப் பாதைகள் சொந்தக்காரருடையவை. கேட்டுக்கொண்டு நுழைவதே மரியாதை. காப்புக் காடுகளில் அனுமதியின்றி நுழையக் கூடாது. காட்டெருமை எதிர்ப்பட்டால் இறங்கி நின்று, அது போன பிறகு போகலாம். அதற்கு அவசரம் கிடையாது, நமக்கும் வேண்டாம்.

வழியில் உள்ள ஊர்களில் டீயும் மிளகும் வாங்குங்கள். பாதையைப் பற்றி அவர்கள் சொல்லும் குறையையும் கேட்டுக்கொண்டு வாருங்கள். அன்று அமெரிக்கச் சைக்கிள்காரர்கள் தங்கள் சௌகரியத்துக்காகச் சாலை கேட்டார்கள். இன்று நம்மவர்கள் பிறருடைய உயிருக்காகக் கேட்கலாம். மலைவாசியின் மனுவின் கீழ் பட்டணத்தாருடைய கையெழுத்தும் இருந்தால் அதற்குக் கொஞ்சம் கனம் கூடும்.