இரண்டரை இலட்ச ரூபாய்க் கண்ணாடி

ஆயுத பூசை நாளன்று தொழிற்சாலைகள் தம் வாயிலைத் தொழிலாளர் குடும்பத்தாருக்குத் திறந்துவிடுதல் எங்கள் பக்கத்து வழக்கம். 2023ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அத்தகைய நாளொன்றில், திருவள்ளூரினின்று பெரியபாளையம், ஆரணி, கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திற்கு என் தமையனாருடன் தந்தையாரும் யானும் சென்றிருந்தோம். எங்கள் வீட்டில் பூசை இல்லை. ஆயினும் பொரியையும் கடலையையும் வேண்டாமென்று சொல்லும் வழக்கமும் இல்லை. எந்திரங்களுக்கெல்லாம் சந்தனம் தெளித்துக் குங்குமமிட்டு வாழைக்கன்று கட்டியிருந்தனர். அவற்றினிடையே ஒரு மேசைமீது, மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் தலைக்கவசத்தின் முகமறைப்பைத் தனியே கழற்றி வைத்தாற்போன்று ஒரு கண்ணாடி இருந்தது. அதன் நெற்றியிலும் யாரோ ஒரு பொட்டு வைத்திருந்தார்கள்.

“போட்டுப் பார், பாப்பா. கீழே மட்டும் போட்டுவிடாதே, இரண்டரை இலட்சம்” என்றார் அண்ணன்.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தாரின் ஹோலோலென்ஸ் 2 என்பது அதன் பெயர். அணிந்தவுடன் உலகம் மறைந்துபோகும் என்று எண்ணியிருந்தேன், மறையவில்லை. எதிரே நின்ற பிரஸ் எந்திரமும், அதற்கப்பால் கடலை தின்றுகொண்டிருந்த தந்தையாரும் முன்போலவே தெரிந்தனர். ஆனால் எந்திரத்தின் பக்கத்தே காற்றில் ஓர் ஒளியம்பு மிதந்துகொண்டிருந்தது. யான் தலையைத் திருப்பினும், இரண்டடி பின்வாங்கினும், அம்பு தான் சுட்டிய இடத்தை விட்டு அசையவில்லை. சுவரும் தரையும் எந்திரமும் எங்கெங்கு உள்ளன என்பதைக் கண்ணாடியிலுள்ள சிறு காமிராக்கள் இடைவிடாது அளந்துகொண்டிருப்பதால் இது நிகழ்கிறது. மெய்யுலகின்மீதே பொய்யுருவைப் பதித்துக் காட்டுவதால் இதனைக் கலப்பு மெய்ம்மை என்பர். அன்று யான் பெரிதும் வியந்தேன் என்பதை ஒளிக்க வேண்டுவதில்லை.

இக்கண்ணாடி அவ்வாலைக்கு வந்த காரணம் வியப்பிற்குரியதன்று, வருந்தத்தக்கது. அதற்கு முந்தைய ஆண்டு, ஒடிசாவினின்று வந்திருந்த இளைஞர் ஒருவர், ஹைட்ராலிக் பிரஸ் ஒன்றில் எண்ணெய் கசிந்த குழாயைக் கழற்றப் புகுந்தார். மின்சாரத்தை நிறுத்தித்தான் இருந்தார். மின்சாரம் நின்றபின்னும் அக்குமுலேட்டர் என்னும் உருளைக்குள் அழுத்தம் அடங்கிக் கிடக்கும் என்பது அவருக்குத் தெரியாது. ஸ்பேனரைத் திருப்பிய மாத்திரத்தில் கொதித்த எண்ணெய் பீறிட்டு அவர் வலக்கையைச் சுட்டது. மூன்று திங்கள் அவர் வேலைக்கு வரவில்லை. அழுத்தத்தை வடித்துவிடும் வால்வு எந்திரத்தின் பின்புறத்தில், நான்கு குழாய்களுக்கு நடுவே இருந்தது. அதை அவருக்கு ஒருவரும் காட்டவில்லை. வாயாற் சொல்லியிருப்பினும் அவர் அறிந்த மொழியிற் சொல்லியிரார். பழுதுபார்க்கும் பிரிவிலிருந்த என் தமையனார்தாம் அவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றவர். அதன் பின்னரே, வழியைச் சொல்லாமல் இடத்தைக் காட்டும் கருவியொன்று வேண்டும் என்று ஆலையார் இதனை வாங்கி, அண்ணனைப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றினர்.

திரும்பி வரும்போது பேருந்தில் தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. அவர் உருட்டாலையொன்றில் முப்பதாண்டு ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். கவரைப்பேட்டை தாண்டியதும், “அந்த வால்வுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தீர்களா?” என்று கேட்டார்.

அண்ணன் சற்று நேரம் வெளியே பார்த்தார். “இல்லை அப்பா” என்றார்.

மறுவாரமே அடித்துவிட்டார்கள். ஆனால் அண்ணன் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதைச் சொல்லாமற் போதல் தகாது. அவ்வாலையில் உள்ள பிரஸ்கள் பதினொன்று. ஒன்றில் வால்வு பின்னே இருக்கும்; ஒன்றில் பக்கவாட்டில்; பழைய ஒன்றில் மேலே ஏணி வைத்து ஏற வேண்டும். சிவப்பு இடத்தைக் காட்டும், வரிசையைக் காட்டாது. மின்சாரத்தை நிறுத்துதல், பூட்டுப் போடுதல், அட்டை மாட்டுதல், வால்வைத் திறத்தல், அழுத்தமானியின் முள் சுழியத்துக்கு வரும்வரை காத்தல், அதன் பின்னரே ஸ்பேனரைத் தொடுதல் என்னும் முறையைப் புதியவர் ஒருவர் கண்ணாடியணிந்து மூன்று முறை செய்தாராயின், நான்காம் முறை கண்ணாடியின்றியே செய்கின்றார் என்பது அண்ணன் கண்டது.

நிற்க. இக்கண்ணாடியின் பிறப்பும் வளர்ப்பும் அறியத்தக்கன. முதல் ஹோலோலென்ஸ் 2016ஆம் ஆண்டில் மூவாயிரம் டாலர் விலைக்கு வந்தது. இரண்டாவது 2019இல் மூவாயிரத்து ஐந்நூறு டாலர் விலையில் வந்தது. அன்றைய மாற்றுவீதத்தில் அஃது ஏறத்தாழ இரண்டரை இலட்ச ரூபாய். மூன்றாவது வரவேயில்லை. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் இரண்டாவதன் உற்பத்தியும் நின்றதென்ற செய்தி வந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 டிசம்பர் 31 வரையில் மட்டும் வரும் என்றனர். அமெரிக்கப் படையினர்க்காக இதனடியாகச் செய்யப்பட்ட கண்ணாடிக்கு 2021இல் ஏறத்தாழ 2,190 கோடி டாலர் வரையிலான ஒப்பந்தம் ஏற்பட்டது. அணிந்த வீரர்கள் தலைவலியும் குமட்டலும் கண்சோர்வும் கண்டனர். 2025இல் அப்பணி வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. அத்துணைப் பணமும் ஒரு கருவியை மனிதர் தலைமேல் அமைதியாக உட்காரச் செய்யவில்லை என்றால், கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆலை செய்யக்கூடியது யாது?

கும்மிடிப்பூண்டியின் கோடையும் கண்ணாடிக்குப் பகையாயிற்று. மே மாதத்து வெயிலில் தகரக் கூரையின்கீழ் அரைமணி நேரம் அணிந்தால், அணிந்தவர்க்கு முன்பே கண்ணாடி களைத்துவிடும். சூடு மிகுந்ததென்று அறிவித்துத் தானே நின்றுவிடும். எடையோ 566 கிராம். பாட்டரியோ இரண்டு மூன்று மணி நேரத்திற்கு மேல் தாங்காது. குளிரூட்டிய அறைகளில் பிறந்த பிள்ளைக்கு நம் ஊர் வேர்வை பழக்கமில்லை.

அந்த மே மாதத்தில்தான், அஃதாவது 2025இல், யானும் இதனுள் புகுந்து ஒரு பிழை செய்தேன். கண்ணாடியில் தோன்றும் குறிப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. அவற்றை இந்தியிலும் ஒடியாவிலும் எழுத ஆலையிலேயே ஆட்கள் கிடைத்தனர். “தமிழில் நீ எழுதிக் கொடு, தமிழ் படிக்கிறவள்தானே” என்றார் அண்ணன். முதலாண்டுத் தேர்வு எழுதி முடித்த இறுமாப்பில் எண்பத்தாறு குறிப்புகளையும் ஓரிரவில் எழுதினேன். பேரிங் என்பதனைத் தாங்கி என்றேன்; நட்டு என்பதனை மரை என்றேன்; ஸ்பேனர் திருகுகுறடு ஆயிற்று. பொன்னேரியினின்று வந்த பயிற்சித் தொழிலாளி ஒருவர் கண்ணாடியை அணிந்து, ‘திருகுகுறட்டால் மரையைத் தளர்த்துக’ என்னும் என் வாசகத்தைப் படித்து, கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டே, திருகுகுறடு என்னும் கருவியை ஸ்டோரில் கேட்டு வாங்கிவரப் புறப்பட்டாராம். ஸ்டோரில் இருந்தவரும் அது வரவில்லை, அடுத்த வாரம் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினாராம். வீட்டில் இதைச் சொல்லித் தந்தையார் சிரித்த சிரிப்பை இப்போதும் என்னாற் பொறுக்க இயலவில்லை. சிரிப்பிற்குப் பின்னே வேறொன்று உறைத்தது. அந்த இடத்தில் அவர் தேடியது ஸ்பேனர், அதனால் கேடில்லை. வால்வு என்னுமிடத்திலும் யான் ஒரு செந்தமிழ்ச் சொல்லையே வைத்திருந்தேன். அங்கே அவர் தயங்கி, ஊகித்து, தவறானதைத் திருப்பியிருப்பாராயின்? மறுநாளே எண்பத்தாறினையும் திருத்தினேன்.

கடந்த கிறிஸ்துமஸ் விடுமுறையில் அண்ணன் ஒரு தாளுடன் வீட்டுக்கு வந்தார். கண்ணாடியின் உறை கிழிந்துவிட்டது. பாட்டரி பாதி நேரமே நிற்கிறது. இனி என்ன செய்வது என்று ஆலையார் அவரையே எழுதித் தரச் சொல்லியிருந்தனர். வெளிநாட்டில் மீந்திருக்கும் அதே வகைக் கண்ணாடிகள் இரண்டினை வாங்குவதா? அன்றி ஆப்பிள் நிறுவனத்தார் கண்ணாடிக்கு மாறுவதா? அன்றி இதனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவதா? ஆப்பிளின் விஷன் புரோ 2024 பிப்ரவரியில் 3,499 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. 2025 அக்டோபரில் அதனுள்ளே புதிய எம்5 சில்லைப் பொருத்தி, அதே விலைக்கு மீண்டும் விற்றனர். நம் பணத்தில் மூன்று இலட்சத்துக்கு மேல். வேகம் கூடிற்று, எடையும் கூடிற்று. முந்தையது 650 கிராமுக்குள் இருந்தது. பிந்தையது புதிய பட்டையுடன் 750 கிராமுக்குக் குறையவில்லை. கழுத்து என்பதொன்று மனிதர்க்கு உண்டென்பதை அவர்கள் எந்தப் பதிப்பில் நினைப்பார்களோ, அறியேன்.

அண்ணனின் இக்கட்டு இதுதான்: கண்ணாடி வேண்டாம் என்று எழுதினால் பயிற்சிப் பிரிவில் அவருக்கு வேலை இராது, மூன்று ஷிப்டுக்குத் திரும்ப வேண்டும். அண்ணியாருக்குக் கைக்குழந்தை ஆறு மாதம். வேண்டும் என்று எழுதினால், மூன்றாண்டு கழித்து இன்னொரு நிறுவனமும் கைவிடும்போது மறுபடி இதே தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும்.

அவருக்கு யான் தரங்கம்பாடியைப் பற்றிச் சொன்னேன். தமிழ் அச்சு வரலாறு படித்த புதிது. 1712இல் அங்கே அச்சுப்பொறி வந்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. எழுத்துகள் மிகப் பெரியன, காகிதத்தை விழுங்கின. சீகன்பால்குவும் உடனிருந்தோரும் ஹாலேயினின்று மற்றொரு தொகுதி வருமளவும் காத்திராமல், சிற்றெழுத்துகளை அங்கேயே வார்த்துக்கொண்டனர். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடியை உருக்கி வார்த்தனர் என்றும் கூறுவர். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முற்றிற்று. முதற்படைப்பு விலைமிக்கதாய், குறையுள்ளதாய் இருப்பது இயல்பு. அதனைத் திருத்தியவர் பயன்படுத்தியவரே என்று யான் சற்று உரத்த குரலில் முடித்தேன்.

“அவர்கள் ஈயத்தை உருக்கினார்கள், பாப்பா. இதைத் திறந்தால் வாரண்டி போய்விடும். நான் எதை உருக்குவது?” என்றார் அண்ணன்.

இவ்வினாவை யான் எதிர்பார்க்கவில்லை. அச்செழுத்தைத் தட்டலாம், உருக்கலாம், மீண்டும் வார்க்கலாம். இக்கண்ணாடியோ திறக்கவொண்ணாதது, பாட்டரியைக்கூட நம் கையால் எளிதில் மாற்ற முடியாது. ஆனால் அந்த எண்பத்தாறு குறிப்புகள்? அவற்றை எழுதுவதற்காக அண்ணன் பதினொரு எந்திரத்தையும் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு வால்வும் எங்குள்ளதென்று கண்டறிந்தார். அதற்கு முன்பு அவ்வாலையில் எவரும் அதனை எழுதி வைத்ததில்லை. பழையவர் தலையில் இருந்தது, அவரோடு ஓய்வுபெற்றுச் சென்றது. இரண்டரை இலட்சம் கொடுத்து ஆலையார் உண்மையில் வாங்கியது அந்த எழுத்துவேலையைத்தான் என்பது என் எண்ணம். கண்ணாடி வந்திராவிட்டால் அது நடந்திராது. ஆகையால் முதற்செலவை வீண் என்னேன். இரண்டாம் செலவைத்தான் வேண்டாம் என்கிறேன். முதற்படைப்பை வாங்குவோர் இல்லையேல் இரண்டாம் படைப்பே தோன்றாது என்பாரும் உளர், மெய்யே. அந்தக் கொடையைச் செய்யப் பெருஞ்செல்வர் பலர் இருக்கின்றனர். எண்ணெய் பட்டு ஒருவர் கை வெந்த ஆலை அதனைச் செய்ய வேண்டுவதில்லை.

ஆதலின் அவ்விரவு அண்ணனும் யானும் அமர்ந்து எழுதியது சுருக்கமாக இது: புதிய கண்ணாடி எதுவும் இப்போது வேண்டா. இருப்பதனைத் தளத்திற்குக் கொண்டுசெல்லாமல் குளிரூட்டிய பயிற்சி அறையில் மட்டும், திருத்தங்கள் வரும் 2027 முடிவு வரை வைத்துக்கொள்ளலாம். அதற்குள் எண்பத்தாறு குறிப்புகளையும் படங்களோடு கண்ணாடியினின்று வெளியே எடுத்து, தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் அச்சிட்டு, எந்திரந்தோறும் கைபேசியால் திறக்கும் கியூஆர் குறியாக ஒட்ட வேண்டும். இப்பணிக்கு ஓராண்டுக்கு ஓராள் பகல் ஷிப்டில் தேவை. கடைசி வரியை அண்ணன் எழுதத் தயங்கினார். தனக்காகக் கேட்பதுபோல் தோன்றும் என்றார். தந்தையார் தாளை வாங்கி, தம் கையாலேயே அதனை எழுதிச் சேர்த்தார்.

சனவரி முதல் வாரத்தில் தாள் கொடுக்கப்பட்டது. இதனை எழுதும் இந்நாள்வரை விடை வரவில்லை. கை வெந்த அவ்விளைஞர், பாதியளவு முடிந்த ஒடியாக் குறிப்புகளை உணவு இடைவேளையில் படித்துப் பார்த்துப் பிழை சொல்கிறாராம். கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. நெடுநாள் விட்டால் பாட்டரி முற்றும் கெட்டுவிடும் என்று அண்ணன் சனிக்கிழமைதோறும் அதனை எடுத்துச் சார்ஜ் போட்டு வைக்கிறார்.