ஒரு பெயரை மாற்றிப் பாருங்கள்

எடிட்டர் நல்லதா, ஐடிஇ நல்லதா என்று கேட்டு வரும் இளையவர்களுக்கு நான் ஒரு வேலை கொடுப்பதுண்டு. ஒரு பெரிய ஜாவா ப்ராஜெக்ட். அதில் ஆர்டருக்கு ஒரு ஸ்டேட்டஸ், கட்டணத்துக்கு ஒரு ஸ்டேட்டஸ், வாடிக்கையாளருக்கு ஒரு ஸ்டேட்டஸ். மூன்றையும் எடுத்துத் தரும் மெத்தட்களுக்கு ஒரே பெயர். ஆர்டருடையதை மட்டும் வேறு பெயருக்கு மாற்ற வேண்டும்.

சாதாரண எடிட்டருக்கு நிரல் என்பது எழுத்துகளின் வரிசை. தேடி மாற்றச் சொன்னால் மூன்றும் சிக்கும். ஒவ்வொரு இடத்திலும் நின்று இது யாருடைய ஸ்டேட்டஸ் என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். இன்டெல்லிஜே ஐடியா என்ற ஐடிஇயில் ஷிஃப்ட்டையும் எஃப்6-ஐயும் சேர்த்து அழுத்தினால் ஆர்டருடையது மட்டும் மாறும், அதை அழைக்கும் இடங்கள் அத்தனையோடும். ப்ராஜெக்ட்டைத் திறந்ததும் அது சிறிது நேரம் திணறுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்போதுதான் கோப்புகளையெல்லாம் படித்து, இலக்கண மரமாகப் பிரித்து, எந்தப் பெயர் எந்த கிளாஸைச் சேர்ந்தது, அது எந்தெந்தக் கோப்புகளில் வருகிறது என்று அட்டவணை போடுகிறது. ஐடிஇ மெமரியைத் தின்கிறது என்று புலம்புகிறவர்கள் அது எதற்காகத் தின்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்த வசதிக்கு ஒரு பரம்பரை உண்டு. 1990களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் பிராண்ட்டும் டான் ராபர்ட்ஸும் ஸ்மால்டாக் மொழிக்காக உருவாக்கிய ரீஃபாக்டரிங் பிரவுசர்தான் இதற்கு மூத்தது. நிரலின் நடத்தை மாறாமல் அதன் அமைப்பை மட்டும் கருவியே மாற்றித் தரும் என்று அது காட்டியது. 2001-இல் வந்த இன்டெல்லிஜே ஐடியா அதை ஜாவாக்காரர்களின் அன்றாடப் பழக்கமாக்கியது.

இளையவர் பெயரை மாற்றிவிட்டார். கம்பைல் ஆகிறது, டெஸ்ட்களும் பச்சை காட்டுகின்றன. ஆனால் மொபைல் செயலியில் ஆர்டரின் நிலை காணாமல் போயிருக்கும். ஜாவா ஆப்ஜெக்ட்டை ஜேசன் வடிவத்துக்கு மாற்றும் லைப்ரரிகளில் பல மெத்தடின் பெயரிலிருந்தே சாவியின் பெயரை எடுத்துக்கொள்கின்றன. மெத்தடின் பெயர் மாறியதும் வெளியே போகும் தகவலில் சாவியும் மாறிவிட்டது. செயலியோ பழைய பெயருக்காகவே காத்திருக்கிறது. அந்தச் செயலியின் நிரல் வேறொரு ரெப்போவில் இருக்கிறது. ஐடிஇயின் அட்டவணையில் அது ஏறவே இல்லை. ரிப்போர்ட் டெம்ப்ளேட்கள், யாரோ எப்போதோ எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட்கள் இவற்றுக்கும் இதே கதிதான். அங்கெல்லாம் அந்தப் பெயர் வெறும் எழுத்து.

இங்கேதான் நான் டெர்மினலுக்குப் போகிறேன். கிரெப், 1970களின் தொடக்கத்தில் கென் தாம்சன் தம்முடைய ‘எட்’ எடிட்டருக்குள் இருந்த தேடும் திறனைத் தனியே பிரித்து உருவாக்கிய கருவி. அதற்கு ஜாவாவும் தெரியாது, ஜேசனும் தெரியாது. அதனால்தான் எதையும் இது நம் வேலையில்லை என்று ஒதுக்காமல், கொடுத்த கோப்புறைகளில் அந்த எழுத்துகள் வரும் ஒவ்வொரு வரியையும் முன்னால் கொண்டுவந்து போடுகிறது. பொருள் தெரிந்த கருவியின் பார்வை, தனக்குத் தெரிந்த மொழியின் எல்லையோடு நின்றுவிடுகிறது. எழுத்தை மட்டும் அறிந்த கருவிக்கு அந்த எல்லை இல்லை. பெயர் மாற்றும் பேட்ச் ரிவியூவுக்கு வரும்போது நான் முதலில் கேட்பது, “தம்பி, எல்லா ரெப்போவிலும் கிரெப் பண்ணியாச்சா?” என்றுதான்.

தமிழில் செய்திகள் வைத்த ஜாவா ப்ராஜெக்ட்களில் இந்த வேறுபாடு கண்ணாலேயே தெரியும். 2017-இல் ஜாவா 9 வரும்வரை ப்ராப்பர்ட்டீஸ் கோப்புகள் லத்தீன் எழுத்துக் குறியாக்கத்தில்தான் படிக்கப்பட்டன. ‘வணக்கம்’ என்று வைக்க வேண்டுமானால் ஒவ்வொரு குறியீட்டையும் அதன் யூனிகோட் எண்ணாக எழுத வேண்டும். இன்டெல்லிஜேயில் ஒரு அமைப்பை இயக்கிவிட்டால் திரையில் தமிழும் கோப்பில் எண்களுமாக அதுவே பார்த்துக்கொள்ளும். டெர்மினல் எடிட்டரான விம்மில் திறந்தால் எண்கள் மட்டும்தான். மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க ஐடிஇ வேண்டும். கோப்புக்குள் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிய விம் வேண்டும். நேரடியாகத் தமிழில் எழுதும் இன்றைய கோப்புகளிலும் டெர்மினல் தொல்லை கொடுக்கிறது. சம அகலக் கட்டங்களில் நம் எழுத்துகள் அடங்குவதில்லை, கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன. தமிழ் வரிகளைத் திருத்த நான் வரைகலை எடிட்டரையே திறக்கிறேன்.

சர்வரில் நிலைமை வேறு. பில் ஜாய் 1976-இல் பெர்க்லியில் விஐ-யின் முன்னோடியை எழுதியபோது அவருக்குக் கிடைத்தது மெதுவான மோடம் இணைப்பு. ஒவ்வொரு விசைக்கும் திரை பதில் சொல்லத் தாமதமாகும். ஒற்றை எழுத்துக் கட்டளைகள் அந்தச் சிக்கனத்தில் பிறந்தவை. நள்ளிரவில் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய் ஒரு கான்ஃபிக் கோப்பில் ஒரு வரியைத் திருத்தும்போது இன்றும் அந்தச் சிக்கனம் கைகொடுக்கிறது. அதற்குத் தேவையான அளவு விஐ ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கற்கும் காலத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. நம் கல்லூரிகளில் பலர் டர்போ சி-யின் நீலத்திரையில்தான் நிரல் எழுதக் கற்றோம். போர்லண்ட் 1987-இல் வெளியிட்டது அது. டாஸ் மறைந்த பின்னும் டாஸ்பாக்ஸ் தயவில் நம் ஆய்வகங்களில் நெடுங்காலம் ஓடியது. கன்ட்ரோல் எஃப்9 அழுத்தினால் ஓடும். அந்த ஒரு விசைக்குள் கம்பைலர், லிங்கர், ஓட்டம் மூன்றும் ஒளிந்துகொண்டன. அப்படிப் படித்து வந்தவர்களில் பலருக்கு லிங்கர் கொடுக்கும் பிழைச்செய்தி எந்தக் கட்டத்தில் வருகிறது என்றே புரிவதில்லை. அதனால் புதியவர்களை முதல் சில நாட்கள் வெறும் எடிட்டரிலும் டெர்மினலிலும் விடுகிறேன். கையாலேயே கம்பைல் செய்து, கிளாஸ்பாத் கொடுத்து ஓட்டட்டும். ஐடிஇ என்னென்ன வேலைகளைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறது என்று தெரிந்த பிறகு அதைத் திறக்கலாம்.

மைக்ரோசாஃப்ட், ரெட்ஹேட், கோடென்வி மூன்றும் 2016-இல் முன்வைத்த லாங்வேஜ் சர்வர் புரோட்டோகால் எடிட்டருக்கும் ஐடிஇக்கும் நடுவிலிருந்த சுவரைப் பாதி இடித்துவிட்டது. நிரலின் பொருளை அறிந்த ஒரு சர்வர் தனியே ஓடும். எந்த எடிட்டரும் அதைக் கேட்டுக்கொள்ளலாம். நியோவிம் 2021-இல் இதைத் தன்னுள்ளேயே சேர்த்துக்கொண்டது. கோ மொழியில் எழுதும்போது எனக்கு அது போதும். பைத்தானில் டைப் குறிப்புகள் எழுதாவிட்டால் எந்தக் கருவியானாலும் பாதி ஊகம்தான்.

பெரிய ஜாவா நிரலை டீபக் செய்யும்போது மட்டும் நான் ஐடிஇயை விட்டுக்கொடுப்பதில்லை. ஆயிரக்கணக்கான ஆர்டர்களில் ஒன்று மட்டும் தவறான தொகை காட்டுகிறது என்றால், அந்த ஆர்டர் எண் வரும்போது மட்டும் நிற்கும்படி பிரேக்பாயின்ட்டுக்கு நிபந்தனை வைக்கலாம். நின்ற இடத்திலேயே வரித்தொகையைக் கணக்கிடச் சொல்லலாம், அழைத்த மெத்தட்கள் வழியே ஒவ்வொன்றாகப் பின்னால் போய் எந்த மதிப்பு எங்கே கெட்டது என்று பார்க்கலாம். பிரிண்ட் வரிகளைச் சேர்த்துச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் கம்பைல் செய்து தேட நாள் முழுக்க ஆகும் பிழை, இப்படிப் பார்த்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பிடிபட்டுவிடும்.