டாங்கிளின் மாப்பிள்ளை முறுக்கு!

2011-ல் எங்க வீட்டுக்கு இன்டர்நெட்னா, விரல் நீள டாங்கிள்தான். பழைய லேப்டாப்பில் செருகினா, மாப்பிள்ளை முறுக்கோடு உட்கார்ந்திருக்கும். லைட் எரியும், நெட் வராது. அக்காவோட வேலை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அன்னிக்குத்தான் முறுக்கு உச்சம். 'டவர் இல்லடா'னு அக்கா கண் கலங்கிட்டா.

டவர் பாவம், அது என்ன பண்ணும்? இந்த மாதிரி டாங்கிள் பலதும் முதல்ல தன்னை சி.டி. டிரைவ்னுதான் அறிமுகப்படுத்திக்கும். உள்ளே இருக்கிற சாஃப்ட்வேரை ஏத்தின பிறகுதான் மோடமா அவதாரம் எடுக்கும். எங்களுது அதைத் தாண்டிடுச்சு. ஆனா, 'கனெக்ட்' அழுத்தினதும் மயங்கி விழுந்துச்சு.

காரணம், பசி! லேப்டாப்பில் உருப்படியான போர்ட் ஒண்ணே ஒண்ணு. அதில் ஒரு ஹப். ஹப்பில் மவுஸும் டாங்கிளும். யு.எஸ்.பி. 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் தரும். தனி கரன்ட் இல்லாத ஹப்போ, ஒரு வாய்க்கு 100 தான் உத்தரவாதம். சிக்னல் தேடுற டாங்கிளுக்கு அது யானைப் பசிக்கு சோளப்பொரி. ஹப்பைக் கழட்டி, டாங்கிளை நேரா செருகினேன். *99# டயல் ஆச்சு... கனெக்டட்!

ராத்திரி 11:40-க்கு விண்ணப்பம் போச்சு. அந்த வேலை அக்காவுக்குக் கிடைக்கலை. ஆனா, 'அப்ளை பண்ணவே முடியலையே'ங்கிற ஏக்கம் இன்னிக்கு வரை அவளுக்கு இல்லை!